முப்பத்தெட்டாவது வினாடிக்குப் பிறகு

இந்த விஷயம் எனக்குக் கைமாறித்தான் வந்தது. அப்போது அப்பாவின் பக்கத்தில் இருந்த பொன்னையா மாமா பார்த்தார், அவர் என் தம்பி மூர்த்தியிடம் சொன்னார், மூர்த்தி என்னிடம் சொன்னான். போனின் இன்னொரு முனையில் இருந்தவள் நான்தான். இருந்தும் நடந்ததை மூன்றாவது ஆளாகத்தான் தெரிந்துகொண்டேன். மூர்த்தி சொன்னது இவ்வளவுதான்: "அப்பா ஒன்கிட்ட என்னமோ சொல்லணும்னு ஆரம்பிச்சாராம்க்கா. அதுக்குள்ள நீ வச்சிட்டியாம். அவரு போனைக் காதுலயே வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாராம்." மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பி, சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிய அப்பா, அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் ஜப்பானின் ஒகாயாமாவிலிருந்து ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு இன்று ஐந்தாவது செவ்வாய்க்கிழமை. மணி இரண்டு பத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத அறைக்குள், நகானிஷி-சான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்து மூன்று வயதுப் பெண், ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் நோயாளிகளுக்கான சாப்பாட்டை டப்பாவில் அடைக்கும் வேலை. கூட வேலை செய்யும் நேபாளப் பெண் ஆங்கிலத்தில் பேசுவது புரியவேண்டும் என்பதற்காக ஆங்கிலம் படிக்கிறார். ஜப்பானியர்கள் ஆங்கிலச் சொல்லைக் காதால் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. தோயோஷிமா பேராசிரியரின் ஆய்வு என்று சொல்வதுதான் நேர்மை, நான் அதில் கூலியாள். ஒரு சொல்லை எடுத்து முதலில் அதன் முனையை மட்டும், ஐம்பது மில்லிசெகண்ட், ஒரு கண்சிமிட்டலில் பாதிகூட இல்லை, அவ்வளவை மட்டும் கேட்கவிடுவோம். என்ன சொல் என்று சொல்லவேண்டும். பிறகு நூறு, பிறகு நூற்றைம்பது, இப்படிச் சொல் முழுசாகும்வரை. எந்த இடத்தில் சரியான சொல்லைப் பிடிக்கிறார்கள், எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். நான் பட்டனை அழுத்துகிறேன். கனடாக்காரி ஒருத்தியின் குரல், "க" என்பதுபோல் ஒரு உடைசல். நகானிஷி-சான் தலையை லேசாகக் குனிகிறார், யாரோ எதிரில் நின்று பேசுவதுபோல. "மதா தேஸ்" என்கிறார். இன்னும் இல்லை. நூறு. "மதா தேஸ்." நூற்றைம்பது. "மதா தேஸ், மன்னிக்கவேண்டும்." நான் மைக்கில் சொல்கிறேன், "உறுதியாகத் தெரியவேண்டாம், மனதில் தோன்றுவதைச் சொல்லுங்கள் போதும்." "ஆனால் அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லையே?" என்கிறார். போன தடவையும் இதையேதான் சொன்னார். போன தடவை. அதை நினைக்கக்கூடாது என்றுதான் காலையில் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன தடவை என்பது அந்தச் செவ்வாய்க்கிழமை. இதே அறை, இதே ஹெட்போன், இதே ஆள், அப்பாவுக்கு மிச்சம் இருந்த கடைசி நாள்.

கோட்டுப் பையில் போன் இருக்கிறது. விதிப்படி வாசலில் உள்ள லாக்கரில் வைத்திருக்கவேண்டும், கலந்துகொள்பவரும் சரி, நானும் சரி. அன்றைக்கும் நான் வைக்கவில்லை, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் ஹெட்போனைச் சரிசெய்தேன். இன்றைக்கும் அப்படியே. இப்போது அந்தப் போனுக்குள் ஒரு கோப்பு இருக்கிறது. பன்னிரண்டு நாளாக இருக்கிறது. அப்பாவுக்கு நூல் மில்லில் முப்பத்தொரு வருஷம், ஸ்பின்னிங் பிரேம் சத்தத்திலேயே காது போய்விட்டது. மில்லுக்குள் யாரும் குரலால் பேசுவதில்லை, கையாலும் உதட்டாலும்தான். நேரில் என்றால் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போனில் உதடு இல்லை. அதனால் நான் பேசுவதை மறுபடி போட்டுக் கேட்கவேண்டும் என்று மூர்த்தியிடம் சொல்லி, வருகிற எல்லா அழைப்பையும் தானாகப் பதிவுசெய்யும்படி போனில் ஏதோ வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்து, போனைக் காதோடு அழுத்தி, "சாப்பிட்டேன்ப்பா, குளிர்தான்ப்பா, சரிப்பா" என்று நான் சொன்னதையெல்லாம் திரும்பக் கேட்பாராம். அந்தக் கடைசி அழைப்பும் அப்படிப் பதிந்திருக்கிறது. மூர்த்தி அனுப்பிவைத்தான். "நான் கேக்கலக்கா, எனக்குத் தைரியமில்ல, நீயே கேளு." நானும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். என்ன தெரியும் என்றும் எனக்குத் தெரியும், அல்லது தெரிந்ததுபோல் இருக்கிறது. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறார். அதற்குள் நான் வைத்துவிட்டேன்.

"கேண்டில்" என்கிறார் நகானிஷி-சான். திரையில் பார்க்கிறேன், சொல் முழுசாக ஒலித்து முடிந்துவிட்டது. சரியான விடைதான். ஆனால் எங்களுக்கு வேண்டியது விடையில்லை, விடைக்கு முந்தைய தடுமாற்றம். கேண்டி, கேமரா, கேட் என்று அவர் மனதுக்குள் கூட்டம் கூடிப் பிறகு ஒவ்வொன்றாகக் கலையுமே, அந்தக் கலைதல். அது இவரிடம் கிடைக்கவில்லை. ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு, எல்லாக் கட்டமும் காலி. பாதிக்குமேல் காலியாக இருந்தால் அந்த ஆளின் பதிவையே விலக்கிவிடவேண்டும் என்று விதி. போன தடவை அறுபத்தெட்டு சதவீதம் காலி. "சரியாகச் செய்கிறேனா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்கிறார். நெற்றியில் வியர்வை. "நன்றாகச் செய்கிறீர்கள்" என்கிறேன். பொய். எல்லாரிடமும் அதையே சொல்லவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அடுத்த சொல். "ராக்கெட்." இந்தச் சொல்லில் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். ரகரமும் லகரமும் ஜப்பானியக் காதுக்கு ஒரே வாசல் வழியாக உள்ளே வருவதால், ராக்கெட் தொடங்கும்போதே லாக்கரும் எழுந்து நிற்கும், கடைசியில் வருகிற சத்தம்தான் ஒன்றை உட்காரவைக்கும். ஒரு மாணவன் நூறு மில்லிசெகண்டிலேயே துள்ளி எழுந்து "லாக்கர்!" என்று உறுதி ஐந்துக்கு ஐந்து போட்டான். தப்பு. ஆனால் அருமையான தரவு. பேராசிரியருக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

அந்த மாணவன் நான்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. நானும் அப்படித்தான் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். முதல் நாள் வகுப்பில் ஜெசிந்தா மேடம் ஆங்கிலத்தில் பேசப் பேச, அது எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று தெரியாத ஒரே நீளத் துணிபோல ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரிக்கும்போது சிரித்தேன். பக்கத்தில் இருந்த பிரியங்கா, "என்ன ஜோக்குன்னு சொல்லு பாப்போம்" என்றாள். மறுபடி சிரித்து மழுப்பினேன். "அப்ப ஏன்டி சிரிச்ச?" அன்றைக்கு விடுதிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். சொல்லின் தலையைப் பிடித்தால் போதும், உடம்பை ஊகித்துக்கொள்ளலாம். வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லில் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு, முந்திக்கொண்டு தலையாட்டலாம். முந்திக்கொண்டால் புரிகிறவள் மாதிரி தெரியும். மூன்று வருஷத்தில் முந்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நேர்முகத் தேர்வில் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னேன், புத்திசாலி என்று எடுத்துக்கொண்டார்கள். பயம்தான், வேறொன்றுமில்லை. பயம் பழகிப் பழகிக் காதாகிவிட்டது. அந்தக் காதோடுதான் அப்பாவிடமும் பேசினேன். அவர் "அப்புறம்" என்றால் மழையைப் பற்றி, "அந்தா" என்றால் மூர்த்தியைப் பற்றிய குறை, "ஒரு விசயம்" என்றால் எனக்குப் பார்த்திருக்கும் சாத்தூர் மாப்பிள்ளை. முழுசாகச் சொல்லவிட்டதே இல்லை. விடவும் முடியாது, காது கேட்காதவர் கத்தித்தான் பேசுவார், இங்கே தாழ்வாரத்தில் ஊசி விழுந்தால் கேட்கும், எதிரே போகிறவர்கள் பார்க்காததுபோலப் பார்ப்பார்கள். வெட்கமாக இருக்கும். இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது, வேறு வெட்கம். அன்றைக்கு அவர், "அப்புறம் பாப்பா, ஒரு விசயம்" என்றார். அதே நேரம் தாழ்வார முனையில் நகானிஷி-சான் வந்து நின்று குனிந்து வணங்கினார். எனக்குச் சாத்தூர் என்று பட்டுவிட்டது. "சரிப்பா, ஆள் வந்துட்டாங்க, வைக்கிறேன்ப்பா." சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அழுத்தினேன் என்றுதான் நினைவு.

சாத்தூர் மாப்பிள்ளையாகவே இருந்திருக்கக் கூடாதா? இருக்கலாம். மூர்த்தியின் அரியர் பேப்பராக இருக்கலாம். வீட்டுக் கூரையில் ஓடு மாற்றுவதாக இருக்கலாம். எப்போது வருவாய் என்பதாக இருக்கலாம். நெஞ்சு வலியாக இருக்கலாம். ஒவ்வொன்றாக எழுந்து நிற்கின்றன, எதுவும் உட்காருவதாக இல்லை. மற்றதெல்லாம் இருக்கலாம் என்று சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் உறுதி எவ்வளவு என்று என்னைக் கேட்டால் நெஞ்சு வலிக்குத்தான் ஐந்துக்கு ஐந்து போடுவேன். பதினாறாம் நாள் காரியத்தின்போது அம்மா கேட்டாள், "ரெண்டு நாளா எடது கையத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு. ஒங்கிட்ட எதுவும் சொன்னாராத்தா?" இல்லை என்றேன். இல்லை என்பது உண்மை. சொல்லவில்லை என்பதும் சொல்லவிடவில்லை என்பதும் ஒன்றா? அம்மாவிடம் இன்னொரு பாதியைச் சொல்லியிருக்கவேண்டும். நான் அன்றைக்கே கேட்டிருந்தால், "மூர்த்திகிட்ட போனைக் குடுங்கப்பா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லியிருந்தால், அவர் போயிருப்பார். நான் சொன்னால் போவார். படித்த பிள்ளை சொல்லுது என்று சொல்லிக்கொண்டே போவார். கோப்பைத் திறந்தால் இது நிச்சயமாகிவிடும். திறக்காவிட்டால் இன்னும் நிச்சயமில்லை. பன்னிரண்டு நாளாக நான் வாழ்வது இந்த நிச்சயமில்லாத ஓரத்தில்தான். நகானிஷி-சான் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறார். அடுத்ததை நான் அழுத்த மறந்திருக்கிறேன். எவ்வளவு நேரமோ. அவர் கேட்கவில்லை, காத்திருக்கிறார். அழுத்துகிறேன். "மதா தேஸ்." அழுத்துகிறேன். "மதா தேஸ்." திடீரென்று எனக்குக் கோபம் வருகிறது, இந்தப் பெண்மேல், நியாயமே இல்லாத கோபம். எதையாவது சொல்லித் தொலையுங்களேன், தப்பாகவாவது சொல்லுங்களேன், எல்லாரும் அப்படித்தானே கேட்கிறோம், யார் உட்கார்ந்து முடிகிறவரைக்கும் கேட்கிறார்கள்? "லெமன்" என்கிறார் முடிந்தபிறகு. சரி. கிட்டத்தட்ட எல்லாம் சரி. முப்பத்திரண்டு சொல்லில் முப்பத்தொன்று சரி, ஒன்றுகூட உபயோகமில்லை.

மணி இரண்டு நாற்பத்தாறு. கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டும், இரும்புக் கதவு, உள்ளே கனமாக எதையோ அடைத்திருக்கிறார்கள். நகானிஷி-சான் ஹெட்போனைக் கழற்றி, அதன் ஒயரை மடித்து, மேசைமேல் வைத்துவிட்டு அதற்கும் ஒரு சின்ன வணக்கம் வைக்கிறார். நான் படிவத்தை நீட்டுகிறேன். கையெழுத்துப் போட்டவர் பேனாவைத் திருப்பித் தராமல் நிற்கிறார். "தப்பாக நினைக்கக்கூடாது" என்கிறார். சரியாகச் செய்யவில்லையே என்று வருந்தப்போகிறார், தெரிந்துவிட்டது, "இல்லையில்லை, நன்றாகத்தான்" என்று நான் முந்திக்கொள்கிறேன். அவர் தலையாட்டி, நான் முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, மறுபடி ஆரம்பிக்கிறார். "போன தடவை, ஹெட்போனைச் சரிசெய்ய என் பக்கம் குனிந்தீர்களே. அப்போது உங்கள் கோட்டுப் பையிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்." எனக்குப் புரியவில்லை. பையைத் தொட்டுப் பார்க்கிறேன், ஏதோ இப்போதும் பேசுவதுபோல. "ஆண் குரல். ரொம்பச் சின்னதாக. ஆனால் உரக்கப் பேசுகிற ஆள் என்று தெரிந்தது. உங்களிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். உங்கள் சொந்த விஷயம், நான் காதில் வாங்கினேன் என்று தெரிந்தால் உங்களுக்குச் சங்கடம். அதனால் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் வெளியே போகாமலே கதவை உள்ளேயிருந்து சாத்திப் பார்த்தீர்களே, சத்தம் சரியாக அடைபடுகிறதா என்று. சாத்தியதும் நின்றுவிட்டது." "என்ன சொன்னார்?" என்று கேட்கிறேன். ஜப்பானிய மொழியில்தான் கேட்டேனா என்று தெரியவில்லை, அவர் முகம் அப்படி ஆகிறது. "உங்கள் மொழி எனக்குத் தெரியாதே" என்கிறார் நகானிஷி-சான், மன்னிப்புக் கேட்கிற குரலில். "சிரித்தார். அது தெரிந்தது. பிறகு ஏதோ சொன்னார். அவர் முடிக்கவில்லை என்று நினைக்கிறேன்." அவர் குனிந்து வணங்குகிறார், நானும் குனிகிறேன், அவர் நிமிர்வதற்காக நான் காத்திருக்க, நான் நிமிர்வதற்காக அவர் காத்திருக்க, இருவரும் தரையைப் பார்த்தபடியே ரொம்ப நேரம் நிற்கிறோம். பிறகு லிப்ட் கதவு மூடுகிறது. நான் தாழ்வாரத்தில், அன்றைக்கு நின்ற அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, பையிலிருந்து போனை எடுக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று சத்தத்தை முழுசாகக் கூட்டுகிறேன்.

அப்பாதான். "அப்புறம் பாப்பா, ஒரு விசயம்." என் குரல் அதன் மேலேயே ஏறி விழுகிறது, "சரிப்பா, ஆள் வந்துட்டாங்க, வைக்கிறேன்ப்பா." துணி உரசுகிறது, போன் பைக்குள் போகிறது. நான் வைக்கிறேன் என்றது அவருக்குக் காதில் விழவே இல்லை. நான் வைக்கவும் இல்லை. "ஒரு விசயம். பாப்பா? ஏ பாப்பா?" என் செருப்புச் சத்தம். தூரத்தில் என் ஜப்பானியப் பேச்சு, வாங்க, இந்தப் பக்கம், மழையில் வந்தீர்களா, என்று. பொன்னையா மாமாவின் குரல், "என்னய்யா, வச்சிருச்சா?" அப்பா, "இல்லய்யா, பேசுதா. ஆளு வந்திருக்காக போல. என்னமாப் பேசுதா பாரு." "ஒனக்குத்தான் எழவு காது கேக்காதே, என்னத்தக் கேக்குற?" "எம்மக பேசுனா கேக்கும்யா." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அப்பாவுக்குச் சிரிப்பின் கடைசியில் இருமல் வரும், வருகிறது. நான் ஹெட்போன் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறேன், நகானிஷி-சான் இருக்கிறது என்கிறார், இரண்டு நாட்டுச் சத்தமும் ஒரே கோப்பில். மாமா, "என்னமோ சொல்லணும்ன, சொல்லீட்டியா?" அப்பா, "வேலையா இருக்கால்ல. அப்புறம் சொல்லிக்கிடலாம்." அதற்குப் பிறகு பேச்சில்லை. மூச்சு மட்டும். எங்கள் வீட்டு மின்விசிறியின் கடகடப்பு. காதில் வைத்துக்கொண்டு கேட்கிறார், என்னை. பிறகு கனமாக ஒரு சத்தம், கதவு. அதோடு முடிகிறது.

எதைச் சொல்ல வந்தார் என்பது கோப்பில் இல்லை. பொன்னையா மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எங்கிட்ட சொல்லலத்தா. மொதல்ல பாப்பாகிட்டச் சொல்லணும்னாரு. இது ஒண்ணுதான் சொன்னாரு" என்றார். நகானிஷி-சானின் இரண்டு பதிவுகளையும் விதிப்படி விலக்கினேன், காரணத்தில் 'பாதிக்குமேல் காலி' என்று எழுதினேன், அது உண்மை. அப்பா சொல்ல வந்தது எது என்ற இடத்தில், எனக்குள்ளேயே ஒரு படிவம் இருக்கிறதே, அதில் நெஞ்சு வலிக்குப் போட்டிருந்த ஐந்தை அடித்துவிட்டேன். வேறு எதையும் எழுதவில்லை.

பிறகு சரிபார்த்தது: அடுத்த நாள் அந்த அறை காலியாக இருந்த நேரத்தில், போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மூர்த்தியை அழைத்துப் பேசிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் கதவு முழுசாகப் பொருந்தியதும் சிக்னல் போய்த் தொடர்பு அறுந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அழைப்பின் நீளம் இரண்டு நிமிடம் ஒன்பது வினாடி. நான் "வைக்கிறேன்ப்பா" என்று சொன்னது முப்பத்தெட்டாவது வினாடியில். மிச்சம் தொண்ணூற்றொரு வினாடி அப்பா லைனில் இருந்திருக்கிறார். அந்த அழைப்பை அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.